முள் நகராதபோது

முள் பூஜ்யத்தில் நின்றால், மீட்டர் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் கேள்வி. டேப்பில், அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டர் திரையில், நீல எழுத்தில் நிற்கிறது. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன், இன்னும் நிற்கிறது. மணி பன்னிரண்டே கால். காலையில், இந்தப் புதுத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஹசீனா மேடம் இந்த டேப்பை என் மேசையில் வைத்து, "ரெண்டு மணிக்குள்ள முடிச்சிருங்கண்ணே, அடுத்த ஷிப்ட்லேருந்து ஏஜெண்ட் வேலைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குள் கிணறு பார்க்கப் போய்விட்டார். ஏஜெண்ட் என்றதும் நிலம் விற்கிற ஆள் என்றுதான் நினைத்தேன். ஆள் இல்லையாம், கம்ப்யூட்டராம். பம்ப் நின்றுபோனால் என்ன கோளாறு என்று அதுவே யோசித்து, எந்தக் கருவியை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஷிப்டில் இருக்கிறவனிடம் சொல்லுமாம். அவன் பார்த்துச் சொன்னதை வைத்து அடுத்தது என்ன என்று முடிவு செய்யுமாம். அதற்குக் கருவிகளைப் பற்றித் தெரிய வேண்டும், அதை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். "என்னையா எழுதச் சொல்றீங்க மேடம், இன்ஜினியருங்க இருக்காங்களே" என்றேன். "அவங்க எழுதினாங்கண்ணே. எல்லாத்துக்கும் 'உரிய முறையில் பரிசோதிக்கவும்'னு எழுதி வச்சிருக்காங்க. அதுக்குக் கண்ணு கிடையாது, கை கிடையாது. எழுதினது மட்டுந்தான் தெரியும். எழுதாம விட்டது உலகத்துலயே இல்லைன்னு நினைச்சுக்கும்" என்றார். "அப்ப அது நம்ம வைத்திலிங்கம் சார் மாதிரி" என்றேன். அவருக்கு வைத்திலிங்கத்தைத் தெரியாது. இருந்தாலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் பேரைச் சொன்னால் இன்றைக்கும் நாக்கில் செம்பு வைத்த மாதிரி இருக்கிறது.

ஐந்து கருவி முடித்துவிட்டேன். முதலில் காதில் வைத்துக் கேட்கிற இரும்புக் கம்பி. "கம்பியை வைத்துக் கேட்கவும்" என்று ஒரு விரலால் தட்டி எழுதினேன். உடனே கேட்டது, எங்கே வைத்து, என்ன சத்தம் என்று. எனக்குக் கோபம். முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பிறகு எழுதினேன், ஒரு முனை பேரிங் மூடியில், மறுமுனை காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில். நல்ல பேரிங் ஈரமாவு ஆட்டுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் தரும், கெட்டது தகர டப்பாவில் மணல் போட்டு ஆட்டின மாதிரி. மணல் சத்தம் கேட்டால் எவ்வளவு நேரத்துக்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்றது. உடனே என்றேன். நன்றி என்றது. அந்த நன்றிக்குப் பிறகு கொஞ்சம் இளகிவிட்டேன், மறைக்க வேண்டியதில்லை. பிரஷர் கடிகாரத்துக்கு அரைப் பக்கம் எழுதினேன். கண்ணாடி உடைந்திருந்தால் நம்பாதே, முள் ஆடினால் ஆட்டத்தின் நடுவைப் பார், எல்லாம் எழுதினேன். என் கை எழுதியதா இது என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆறாவது வோல்ட் மீட்டர். முள் வைத்த பழைய ஜாதி, கறுப்புக் குச்சி ஒன்று, சிவப்புக் குச்சி ஒன்று. அதற்கு நான் யோசிக்கவே இல்லை. "முள் பூஜ்யத்தில் நின்றால் மின்சாரம் இல்லை. வேலையைத் தொடங்கலாம்." இது என் வாக்கியம் இல்லை. மீட்டரோடு வந்த காகிதத்தில் இருந்த வாக்கியம். பத்தொன்பது வருஷமாக எனக்கு மனப்பாடம். மேலிடத்துக்குப் போட்ட பதினோரு மனுவில் எழுதியிருக்கிறேன், எட்டாவது மனுவில் அடிக்கோடு போட்டு. எழுதி முடித்துத் தண்ணீர் குடிக்கலாம் என்று சொம்பை எடுத்தேன், கேள்வி வந்து நின்றுவிட்டது.

இரண்டாவது பம்ப் ஓடுகிறது. பம்ப் தண்டைச் சுற்றியிருக்கிற கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சூடான கிரீஸ் வாடை, சன்னல் வழியாகக் கொள்ளிடத்து மணல் கண்ணைக் கூசுகிறது. மூன்றாவது பம்ப் நேற்றிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது, அதன் பேனலுக்குள் ஏதோ உறுமுகிறது என்று. இரண்டு மணிக்கு வருகிறவன் அதைத் திறந்து பார்க்க வேண்டும். வருகிறவன் கலியமூர்த்தி. அதே பேனல். இந்த டேப் சொல்லச் சொல்ல அவன் செய்வான், இந்த டேப் நான் எழுதினதைச் சொல்லும். இதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்தே வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் போன் பண்ண வேண்டும். முழங்கால் வலிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. அதே பேனல். அன்றைக்கும் ஒரு பகல்தான், பதினொரு மணி இருக்கும். மெயின் சுவிட்சை இழுத்தேன். உள்ளே ஒயருக்கு ஒன்றாக மூன்று செம்புக் கத்தி, மூன்றும் ஒன்றாக வெளியே வர வேண்டும், ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவில்லை, அது மூடிக்குப் பின்னால் இருக்கிறது. மீட்டரை வைத்தேன். முள் நகரவில்லை. கலியமூர்த்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவன் வலது கையை உள்ளே விட்டான். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. வாடைதான். அந்த வாடையை நான் எழுத மாட்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. பிறகுதான் தெரிந்தது, மீட்டரின் சிவப்பு ஒயர் குச்சிக்குப் பக்கத்தில் ரப்பருக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் புதுசு. நானே ஒரு வாரம் கழித்து, மீட்டரைப் பூட்டி வைத்திருந்த அலமாரி திறந்திருந்த நேரத்தில் எடுத்து வளைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் வளைத்தால் முள் எழும்பியது, இன்னொரு பக்கம் வளைத்தால் செத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அறிக்கை போய்விட்டது என்றார் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் அப்போது இங்கே இன்ஜினியர், விசாரணையும் அவரே. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "டெஸ்ட் பண்ணினியா இல்லையா, அதை மட்டும் சொல்லு." பண்ணினேன் என்றேன். "பண்ணியிருந்தா எப்படி அடிக்கும்?" என்றார். அப்போது எனக்கு ஒயர் விஷயம் தெரியாது. கலியமூர்த்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே எழுதிக் கொடுத்தான், சவரிமுத்து மீட்டர் வைத்ததை நான் பார்க்கவில்லை என்று. மூன்றடி தூரம். என் மூத்த மகன் ஞானஸ்நானத்துக்கு அவன்தான் சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு வந்தான். மூன்றடி தூரத்தில் இருந்தவன் பார்க்கவில்லையாம். "பரிசோதிக்காமல் வேலைக்கு அனுமதித்தார்" என்று என் சர்வீஸ் ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் ஏறியது. எட்டு வருஷம் மேற்கே ஒரு காட்டு நீரேற்று நிலையத்தில் போட்டார்கள், மனைவி ஒரு ஊர், நான் ஒரு ஊர். திரும்பி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கலியமூர்த்தியும் நானும் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறோம், பேசுவதில்லை. அவன் உள்ளே வந்து செருமுவான், நான் எழுந்து பையை எடுப்பேன். முதல் வருஷம் அந்தச் செருமலைக் கேட்டாலே எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். இப்போது வருவதில்லை. ஆனால் செருமலுக்காகக் காத்திருக்கிறேன் என்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. வைத்திலிங்கம் ஓய்வு பெற்று எங்கோ வீடு கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார். இருக்கட்டும். அவரை நான் விடுவதாக இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். பொட்டில் அடிக்கிற மாதிரி ஒரு பதில் தட்டினேன். "காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது." அனுப்பினேன். புள்ளி புள்ளியாக யோசித்தது. பிறகு எழுதியது, "காகிதத்தில் இருப்பது புரிகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் முள் நகராது. ஆனால் மீட்டரின் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் முள் நகராது அல்லவா? இந்த இரண்டையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?" சொம்பு கையில் இருந்தது, கீழே வைத்தேன், மேசை விளிம்பில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, விழுந்து உருண்டது. யார் சொன்னார்கள் இதற்கு? மேடம் சொல்லியிருப்பாரோ? மேடம் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். யாரும் சொல்லவில்லை, அதுவாகக் கேட்கிறது. ஒயர் அறுந்திருந்தால் என்று. பத்தொன்பது வருஷம் நான் சுவரில் முட்டிக்கொண்டு சொன்னதை, கண்ணும் கையும் இல்லாத ஒன்று ஒரு நிமிஷத்தில் கேட்கிறது. அன்றைக்கு வைத்திலிங்கம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், மீட்டரை எடு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்திருக்கும். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்தேன், இரண்டாவது பம்ப்பைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் கேள்வியின் பாதியைத்தான் நான் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள். நீங்கள். அதாவது நான்.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். இந்த மீட்டர் எல்லாம் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் இருக்கிற பம்ப் ஹவுஸ் எல்லாவற்றிலும் பல்புதான். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு ஒயர். பேனலில் வைப்பதற்கு முன்னால் கதவுப் பக்கம் ஃபேன் போடுகிற பிளக்கில் வைப்போம், எரியும். பிறகு பேனலில், எரியாது. மறுபடி பிளக்கில், எரியும். மூன்று தொடு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை, கால் தானாகப் பிளக்குப் பக்கம் போகும். பல்பு சாகும் என்று எல்லோருக்கும் தெரியும், கைதவறினாலே இழை அறுந்துபோகும், அதனால் பல்பை ஒருவனும் நம்ப மாட்டான். மீட்டர் வந்தது பழுப்புத் தோல் பெட்டியில், உள்ளே வெல்வெட். வைத்திலிங்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அப்படி வருகிற ஒன்று சாகும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு நான் பெட்டியைத் திறந்தேன், எடுத்தேன், நேராகப் பேனலில் வைத்தேன். பிளக் பக்கம் போகவில்லை. போயிருந்தால், நாலு எட்டு, முள் அங்கேயும் நகர்ந்திருக்காது. அப்போதே தெரிந்திருக்கும். இதை நான் இதுவரை நினைத்ததில்லை என்று சொன்னால் பொய். மேற்கே அந்தக் காட்டில் முதல் வாரமே நினைத்தேன். நினைத்தவுடன் எழுந்துபோய் வைத்திலிங்கத்துக்கு எதிராக ஒரு மனு எழுதினேன். ஒவ்வொரு தடவை நினைப்பு வரும்போதும் ஒரு மனு. அந்தக் கேள்வியை வைத்திலிங்கம் அன்றைக்குக் கேட்டிருந்தால் மீட்டர் மாட்டியிருக்கும், சரி. நானும் மாட்டியிருப்பேன். "எப்படிப் பிரித்துப் பார்ப்பாய் சவரிமுத்து?" "பிளக்கில் வைத்துப் பார்ப்பேன் சார்." "பார்த்தாயா?"

ஒரு மணி பத்து. இதற்கு ஒரு பொய்ப் பதில் இருக்கிறது. ஒயரை இழுத்துப் பார்க்கவும் என்று எழுதலாம். அது நம்பிவிடும், அதற்குக் கை இல்லை. என் பதினோரு மனுவும் நேராக நிற்கும், காகிதத்தில் போட்டபடி செய்தவன் என்று நிற்கும். இரண்டு மணிக்கு அவன் வருவான், ஒயரை இழுத்துப் பார்ப்பான், சரியாகத்தான் இருக்கும் அன்றைக்கு இருந்த மாதிரி, எட்டு விரலோடு உள்ளே கையை விடுவான். இல்லை, அவனும் பழைய ஆள், அவன் கால் பிளக் பக்கம் போகும். போகுமா? என் கால் போகவில்லையே. பெட்டியில் வந்தது சொல்கிறது என்று எனக்குக் கால் நின்றுவிட்டது, இது அதைவிடப் பெரிய பெட்டி, பேசுகிற பெட்டி. அவனுக்கும் நிற்கும். நாளைக்கு வேறு ஒருவனுக்கு நிற்கும். மேடம் சொன்னாரே, இதைச் சரியாக எழுதினால் இந்தத் திட்டத்தில் இருக்கிற பம்ப் ஹவுஸ் எல்லாவற்றுக்கும் இதுவே போகும் என்று. எத்தனை என்று கேட்டேன், நாற்பத்தாறு. நாற்பத்தாறு வலது கை.

எழுதினேன். விரல் வியர்த்து எழுத்து வழுக்கியது. "முள் நகரவில்லை என்பதை மட்டும் வைத்து மின்சாரம் இல்லை என்று சொல்லக்கூடாது. முதலில் மின்சாரம் நிச்சயமாக இருக்கிற பிளக்கில் வைக்க வேண்டும், முள் இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் மீட்டர் செத்தது, தூக்கிப் போடு. வந்தால் பேனலில் மூன்று ஒயரிலும் தனித்தனியாக வைக்க வேண்டும், மூன்றிலும் பூஜ்யம் வர வேண்டும். பிறகு மறுபடி அதே பிளக்கில் வைக்க வேண்டும், நடுவில் மீட்டர் செத்திருக்கலாம்." புள்ளி புள்ளியாக யோசித்தது. எழுதியது, "புரிந்தது. இந்த மூன்று படியும் முடிந்தால் மட்டுமே மின்சாரம் இல்லை என்று சொல்வேன். ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வேன், வேலையைத் தொடங்கச் சொல்ல மாட்டேன்." எனக்குத் தெரியவில்லை. இந்த ஆபீசில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை அந்த வார்த்தையை. என் வாயிலிருந்தும்தான். கடைசியாக ஒரு கட்டம் இருந்தது, இந்தக் கருவி எப்போதாவது தவறாகக் காட்டியிருக்கிறதா என்று. காலியாக விட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். மற்ற ஐந்துக்கும் காலியாகத்தான் விட்டேன். ஒன்று நாற்பது. வெளியே ஹசீனா மேடம் வண்டிச் சத்தம் மாதிரி இருந்தது, இல்லை, பால் வண்டி. எழுதினேன், "ஆமாம். மூன்றாவது பம்ப் பேனலில். மீட்டர் வைத்தார்கள், ஒயர் உள்ளே அறுந்திருந்தது, முள் நகரவில்லை. ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. மீட்டர் வைத்தவர் முதலில் பிளக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. வைத்தது நான், சவரிமுத்து." அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. கால் லேசாக இருந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி. பயமும் இருந்தது. இனிமேல் மனு போட முடியாது. போட்டாலும் வேறு மாதிரிதான் போட வேண்டும்.

இரண்டுக்குச் செருமல் கேட்டது. நான் பையை எடுக்கவில்லை. கலியமூர்த்தி என்னைத் தாண்டி மேசைக்குப் போனான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்பை எடுத்தான், மேடம் அவனுக்கும் போனில் சொல்லியிருக்க வேண்டும். உதடு அசைய அசையப் படித்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், முதுகெல்லாம் காதாக இருந்தது. படித்து முடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. இன்னொரு தடவை படிக்கிறான். பிறகு, "அப்ப வச்சியா?" என்றான். பத்தொன்பது வருஷம் கழித்து அவன் குரல் கொஞ்சம் கட்டையாகியிருந்தது. "வச்சேன்." "முள்ளு நகரல?" "நகரல." "நான் குனிஞ்சு ஸ்பேனர எடுத்துக்கிட்டிருந்தேன்டா. நிமிர்ந்தா நீ தலைய ஆட்டுற. வச்சதைப் பாக்கல, அதைத்தான் எழுதினேன். வைக்கலன்னு நான் எழுதல, அந்த வைத்திலிங்கம் அப்படி மாத்திக்கிட்டான்." "கேட்டிருக்கலாமில்ல என்னைய?" "நீதான் என்னையக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனியே." "நீ செருமிக்கிட்டு வந்தா?" "தொண்டையில சளிடா எனக்கு" என்றான். நான் திரும்பினேன். நிஜமாகவே கோபமாகச் சொன்னான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கீழே கிடந்த சொம்பை எடுத்து மேலே வைத்தேன்.

அவன் மீட்டரை எடுத்துக்கொண்டு பிளக்குப் பக்கம் போனான். "இங்க வந்து நில்லு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நான் வைக்கிறேன், நீ முள்ளப் பாரு." மூன்று விரலால் குச்சியைப் பிடித்திருந்தான், அழுத்தமாகத்தான் பிடித்திருந்தான். "இருநூத்தி இருபத்தஞ்சு" என்றேன். பேனலுக்கு வந்தோம். "பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்." மறுபடி பிளக். "இருநூத்தி இருபத்தஞ்சு." டேப்பில் அவனே தட்டினான். மின்சாரம் இல்லை, வேலையைத் தொடங்கலாம் என்று வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பேனலைப் பார்த்தோம். அவன் கை பாதி தூரம் போய் நின்றது. "இரு" என்று சொல்லிவிட்டுப் போய் மெயின் சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். மூன்று கத்தியும் வெளியே இருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, விரலால் சுட்டி எண்ணினேன். வந்து, "நகரு" என்று அவனைத் தோளால் தள்ளிவிட்டு என் கையை முதலில் உள்ளே விட்டேன். செம்பு சில்லென்று இருந்தது. அப்படியே வைத்திருந்தேன் கொஞ்ச நேரம். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையையும் பக்கத்தில் வைத்தான். "கத்திய எண்ணினத எழுதிட்டியா?" என்றான். "இல்ல. மூடியக் கழட்டிக் கண்ணால பாக்கணும்னு இப்ப எழுதுறேன்." "எழுது. இதையும் எழுதேன்டா, எழுதினவன் மொதல்ல கைய வைக்கணும்னு." "போடா, அது அதைப் படிச்சுட்டு நாப்பத்தாறு பம்ப் ஹவுஸுக்கும் என்னையக் கூப்பிடும்" என்றேன். கலியமூர்த்தி சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, நிஜமாகவே சளிதான்.